என் பேருக்கு முடிந்த பள்ளிக்கூடம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை முதலில் மிதித்தவன் நான். அந்தப் பள்ளிக்கூடத்தின் கழுத்தை முதலில் நெரித்தவனும் நான்தான். இந்த இரண்டாவது விஷயத்தை என்னைவிட என் சொந்தக்காரர்கள் நன்றாகச் சொல்வார்கள். கல்யாணம், காது குத்து, சாவு என்று எங்கே நாலு பேர் கூடினாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நானே எழுதிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சுமா என்று பார்க்கிறேன். (மிஞ்சாது. தெரியும்.)

எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் இருக்கிற எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாவது படிக்க வேண்டுமானால் துறைமுகத்துக்குப் போகிற பெரிய ரோட்டைத் தாண்டி பஸ் பிடித்து, திருவொற்றியூர் பக்கம் போக வேண்டும். அந்த ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி போய்க்கொண்டே இருக்கும். நான் எப்படியோ தாண்டித் தாண்டியே பி.காம். முடித்து, ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீஸில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். பெண் பிள்ளைகள் எட்டாவதோடு நின்று, அம்மாக்களோடு மீன் விற்கப் போய்விடுவார்கள்.

என் தங்கை சுகந்தி அப்போது எட்டாவது. கணக்கில் நான் வாங்கத் தவறிய மார்க்கையெல்லாம் அவள் வாங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் நைனா (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"எட்டு போதும். அந்த ரோட்ட தெனிக்கும் எவன் தாண்ட வெக்கிறது? லாரிக்காரன் இன்னா, உன் தங்கச்சி வர்றாளேன்னு பிரேக் போடுவானா?"

அந்தச் சமயத்தில்தான் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைக்கப் போகிறார்களாம். குழு என்றால் பெற்றோர்கள் தாங்களாக முன்வந்து உட்காருகிற குழு. அந்தக் குழு தீர்மானம் போட்டு அனுப்பினால், பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கச் சொல்லி அரசாங்கத்திடம் கேட்கலாம். ஆனால் கல்வி அலுவலகத்து சார் வருகிற அன்றைக்கே குழு அமைய வேண்டும். தவறினால் இந்த வருஷக் கோரிக்கை போகாது. "நீதாம்ப்பா இங்க படிச்ச பையன். நாலு பேருக்கு எடுத்துச் சொல்லு" என்றார்.

நாலு பேருக்குச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் வந்திருக்காது. நான் குப்பம் முழுக்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு, ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு (எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை) வீடு வீடாக ஏறினேன். முதல் வீட்டில், "பள்ளி மேலாண்மைக் குழுவின் நோக்கமாவது" என்று ஆரம்பித்தேன். சரசு அக்கா உலையைப் பார்த்தபடியே, லோன் எல்லாம் வேண்டாம், போன லோனே இன்னும் முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இரண்டாவது வீட்டுக்குப் போவதற்குள் எனக்கு ஞானம் வந்துவிட்டது. மக்களுக்கு மக்கள் மொழியில் சொல்ல வேண்டும்.

எங்கள் கரையில் படகு ஒதுங்கியதும் மீன் ஏலம் நடக்கும். ஏலம் விடுவது கன்னியம்மா அக்கா. கை தூக்கினால் அவள் மூன்று தரம் சொல்வாள், கூடை உங்களுடையது. அதற்குப் பிறகு அடியில் கெட்டுப்போன மீன் இருந்தாலும், ஐஸ் மட்டுமே இருந்தாலும் பேச்சுக் கிடையாது. கை தூக்கிவிட்டுப் பின்வாங்கியவனோடு அப்புறம் கரையில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இதனால்தான் எங்கள் பிள்ளைகள் கரைக்குப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும்.

இதெல்லாம் தெரிந்த நான், இதிலேயே பிறந்து வளர்ந்த நான், ஒவ்வொரு வீட்டிலும் என்ன சொன்னேன் தெரியுமா? "யக்கா, நம்ம கரை ஏலம் மாதிரிதான். சாரு கேப்பாரு, நீ கைய தூக்கு. அவ்ளோதான், பள்ளிக்கூடம் உன் கைக்கு வந்துரும்."

எல்லா முகத்திலும் சட்டென்று புரிந்துகொண்ட தெளிவு தெரிந்தது. நான் பூரித்துப்போனேன். திரும்ப சரசு அக்கா வீட்டுக்கும் போய் அதையே சொன்னேன். அவளுக்கும் புரிந்தது.

கூட்டத்தன்று நிற்க இடமில்லை. தலைமை ஆசிரியை என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார். அலுவலகத்து சார் நல்ல மனிதர், நல்ல விதமாகப் பேசினார். கடைசியில், "குழுவுல சேர விருப்பமுள்ள பெற்றோர்கள் கை தூக்கலாம்" என்றார்.

ஒரு கைகூட எழவில்லை.

பெண்களின் கைகள் முந்தானைக்குள் போயிருந்தன. ஆண்கள் பின்னால் கட்டியிருந்தார்கள். ஒருவர் மூக்கில் ஈ உட்கார்ந்து நடந்துகொண்டிருந்தது. மனிதர் ஊதி ஊதிப் பார்த்தாரே தவிரக் கையை எடுக்கவில்லை. மடியில் இருந்த கைக்குழந்தையின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்திருந்தாள் ஒருத்தி.

சார் இன்னொரு முறை கேட்டார். நான் பதறி எழுந்து, நான் சொன்னது ஞாபகம் இல்லையா, ஏலம் மாதிரி என்று சொன்னேனே என்று நினைவுபடுத்தினேன். முந்தானைகள் இன்னும் இறுகின.

சரசு அக்காதான் வாயைத் திறந்தாள். "நீ சொன்னதாலதான் தம்பி யோசிச்சுகினு கீறோம். கூடையில இன்னா கீதுன்னு பாக்காம எவ கை தூக்குவா? மதிலு வுழுந்து கெடக்குது. கக்கூஸுக்குக் கதவு இல்ல. எடுத்தா அல்லாம் என் தலையில தானே?"

சார் தலைமை ஆசிரியையைப் பார்த்து, "எதை எடுக்கறாங்க?" என்று கேட்டார். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அப்போதாவது உட்கார்ந்திருக்கலாம். படித்தவன் உட்காருவானா? "ஒண்ணும் ஆவாதுக்கா. இப்ப பாரு, நான் தூக்கறேன்" என்று கையை உயரத் தூக்கிக் காட்டினேன்.

கன்னியம்மா அக்கா முதல் வரிசையில் இருந்தாள். அவள் மகளும் எட்டாவதுதான். இத்தனை வருஷம் கரையில் நின்ற வாய். தூக்கிய கையைக் கண்டால் தானாகத் திறந்துகொள்ளும்.

"ஒருதரம்" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கூட்டம் கலகலப்பாகிறது, இனி கைகள் எழும் என்று நினைத்து நான் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். புன்னகை வேறு.

"ரெண்டுதரம்... மூணுதரம். தம்பி பேருக்கு முடிஞ்சிச்சு."

ஏலம் முடிந்த பிறகு கரையில் யாருக்கு என்ன வேலை? மொத்தக் கூட்டமும் எழுந்தது. போகிற போக்கில் ஆளாளுக்கு என் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். பெரிய பாரம் இறங்கிய சந்தோஷம் எல்லோருக்கும். ஈக்காரர் மூக்கைச் சொறிந்தபடி போனார்.

காலியான அறையில் சார் பேனாவைத் திறந்து, "நீங்க எந்தக் குழந்தையோட பெற்றோர்?" என்று கேட்டார்.

"அண்ணன் சார்."

"பெற்றோர் மட்டும்தாங்க" என்று சொல்லிப் பேனாவை மூடிவிட்டார்.

அரசாங்கத்தின் கணக்கில் நான் தூக்கியது கையே இல்லை. குப்பத்தின் கணக்கில் அதைத் தவிர வேறு கையே இல்லை. தலைமை ஆசிரியை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. பெற்றோருக்கு வாங்கி வைத்த பிஸ்கெட் பாக்கெட்டுகளைத் திரும்ப பீரோவில் அடுக்கினார். திட்டியிருக்கலாம்.

சுகந்தி ஜன்னலுக்கு வெளியே நின்று முழுவதும் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு நடக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்ப நான் அம்மாகூட மீனுக்குப் போவணுமாண்ணா?"

பி.காம். படித்த நான் அவள் புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

பிறகு தலைமை ஆசிரியை என்னைக் கிட்டவே சேர்க்காமல், ஒவ்வொரு தாயையும் தனித்தனியாகப் பேசிச் சம்மதிக்க வைத்து குழுவை அமைத்துவிட்டார். ஆனால் அந்த வருஷக் கோரிக்கைக்கு நாள் முடிந்திருந்தது. அடுத்த வருஷம் அனுப்பிய தீர்மானம் எந்த மேஜையில் தூங்குகிறதோ தெரியாது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்த அன்று காலையில் கன்னியம்மா அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு அவள் மகள். பின்னால் இன்னும் சில தாய்மார்கள், இன்னும் சில பின்னல்கள்.

"பள்ளிக்கூடத்த எடுத்தது நீதானே? ஒம்போதாவது எங்க கீதோ அங்க இட்டுகினு போ."

நான் ஏலத்துக்கும் குழுவுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வாயெடுத்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த நைனா தலையைத் தூக்காமலே பேசினார்.

"கை தூக்கிட்டு இல்லன்னு சொன்னவன் நம்ம வூட்டுல கெடையாது. இட்டுகினு போ." வலையில் ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கினார். பிறகு உள்பக்கம் பார்த்து, "ஏ சுகந்தி, நீயும் கூடப் போ. அதான் ரோட்ட தாண்ட வெக்க ஆள் கீறானே" என்றார்.

அன்று முதல் நான் ஆபீஸுக்கு நேரத்தில் போனதில்லை. என்னோடு சேர்ந்தவர்களெல்லாம் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள். எட்டாவது முடிக்கும் பெண்கள் வருஷா வருஷம் என் வரிசையில் வந்து சேருகிறார்கள். கதவில்லாத கக்கூஸுக்கும் என்னிடம்தான் புகார் வருகிறது. எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டபோது, நைனா யோசிக்காமல், "லாரி நிறுத்துறான்" என்றார். (அந்த இடம் அமையவில்லை.) வீட்டில் சோறு போதும் என்று கை காட்டினால்கூட அம்மா "ஒருதரம்" என்கிறாள்.

சுகந்தி இப்போது பன்னிரண்டாவது. இன்று காலையும் ரோட்டில் இறங்கிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி வந்தது. என் முதுகுக்குப் பின்னால் அவள்தான் ஆரம்பித்தாள், மற்ற பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்: "ஒருதரம்... ரெண்டுதரம்..."

மூன்றாவது தரத்துக்குள் லாரி நிற்க வேண்டும். இதுவரை நின்றிருக்கிறது.