ஸ்தூபியைச் சுற்றிய நட்சத்திரங்களும் நானும்

ஹான்லே,
திங்கட்கிழமை

லே பட்டணத்தில் கணப்பு அடுப்புக்குப் பக்கத்திலேயே வீற்றிருக்கும் மைத்துனர் ஜிக்மத் அவர்களுக்கு, தங்கள் அக்காள் புருஷன் கொன்சொக் பல்தன் எழுதிக்கொள்வது. ஜூலே, வணக்கம். இவ்விடம் உன் அக்கா குன்சஸும் இருபத்தோரு ஆடுகளும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. கேமரா கொடுத்தவன் நீ என்பதால் அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் மாதம் நட்சத்திரப் படம் பிடிக்கப் பத்துப் பேர் வருகிறார்களே, அவர்கள் யார் வீட்டில் தங்குவது என்று ஊர்க் கூட்டத்தில் பேச்சு வந்தது. நட்சத்திரங்கள் வட்டம் வட்டமாக ஓடுகிற படம் ஒன்றை யார் நன்றாக எடுத்து வருகிறாரோ அவர் வீட்டில்தான் என்றார் தலைவர். பக்கத்து வீட்டு நுர்பூ என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஐம்பத்தெட்டு வருஷமா இதே நட்சத்திரத்துக்குக் கீழதான் ஆடு மேய்க்கிறேன், இதென்ன பெரிய விஷயம்னு சொல்லித் தொலைச்சேன். விருந்தாளிகளுக்கென்று கட்டிய இரண்டு அறையிலும் இரண்டு வருஷமாக உருளைக்கிழங்குதான் தங்கியிருக்கிறது, உனக்குத் தெரியாததா?

முதல் ராத்திரி, புதுச் சாமானுக்குச் செய்கிற மரியாதையாக கேமரா கழுத்தில் வெள்ளைப் பட்டுத் துணி கட்டினேன். காற்று அதைத் தூக்கி லென்ஸ்மேல் போட்டது. முக்கால் மணி நேரம் கேமரா கண்ணைக் கட்டிக்கொண்டே நின்றிருக்கிறது. இரண்டாம் ராத்திரி குளிரில் பேட்டரி செத்தது. மறுநாள் பகல் முழுக்க உன் அக்கா அதைத் தன் அங்கிக்குள் வைத்துச் சூடாக்கினாள். என் ஜலதோஷத்துக்கு ஒரு நாளும் இத்தனை அக்கறை காட்டினதில்லை.

மூன்றாம் ராத்திரிதான் கடைசி, காலையில் கூட்டம். ஊர் எல்லை ஸ்தூபிக்கு மேலே துருவ நட்சத்திரம் தெரிகிறபடி கேமராவை அதன் மூன்று கால் கம்பியில் நிறுத்தி, முக்கால் மணி நேரமும் அதன் கண் திறந்தே இருக்கும்படி பட்டனை அமுக்கிப் பூட்டிவிட்டு, ஒதுங்கிப்போய்க் கம்பளிக்குள் உட்கார்ந்தேன். "அத்தான், துளி வெளிச்சம் படக்கூடாது"ன்னு நீ நூறு தடவை சொன்னது நெஞ்சில் இருந்தது. அஞ்சு நிமிஷம் ஆகல, நுர்பூவோட நாய் வந்து கேமராக் கம்பியை மோந்துட்டு ஒரு காலைத் தூக்குது. நேராப் போனா கேமரா எனக்கு வலக்கைப் பக்கம் பத்தடி. ஆனா அப்படிப் போனா ஸ்தூபி இடக்கைப் பக்கம் வந்துடுமே. பொறந்ததிலேர்ந்து வலம்தான் வந்திருக்கேன், ஒரு நாய்க்காக மாத்திக்க முடியுமா? டார்ச்சை ஏத்திக்கிட்டு, கல்லுல தடுக்காம, ஸ்தூபியை முழுசாச் சுத்தி ஓடிவந்து விரட்டினேன். திரும்பிப் போய் உக்காந்தா, உன் அக்கா வெண்ணெய் டீயைக் கொண்டுவந்து லென்ஸுக்கு நேர் கீழ வெச்சிருக்கா, ஆவி பறக்குது. இன்னொரு சுத்து. டீ வாசனைக்கு மறுபடி நாய். இப்படி அஞ்சு சுத்து.

"இந்த நேரத்துல எதுக்கு இத்தனை சுத்து? ஏதாவது வேண்டுதலா?" என்றாள் குன்சஸ்.

மூச்சு வாங்க நின்று மேலே பார்த்தேன். அத்தனை நட்சத்திரமும் துருவ நட்சத்திரத்தைத் தப்பான பக்கமாகவே சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கேட்க ஆளில்லை.

படத்தைப் பார்க்கக்கூட மனசில்லாமல் கேமராவை மாவுப் பெட்டியில் போட்டுவிட்டுப் படுக்கப் போனேன். புது அறைக் கதவு திறந்திருந்தது. உருளைக்கிழங்கை அப்புறப்படுத்திவிட்டு, பத்து மெத்தையும் விரித்து வைத்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். நான் கூட்டத்துக்குப் போகவில்லை. உன் கேமராவை வியாழக்கிழமை பஸ்ஸில் அனுப்புகிறேன். மும்மணிகளும் உன்னைக் காக்கட்டும், அடுத்தவனுக்குக் கேமரா கொடுக்கிற புத்தியிலிருந்தும் காக்கட்டும்.

இப்படிக்கு,
கொன்சொக் பல்தன்

பி.கு.: கேமராவை அனுப்பப் போவதில்லை. நான் தூங்கும்போதே உன் அக்கா அதைக் கூட்டத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். படத்தில் மேலே நட்சத்திர வட்டங்கள், கீழே ஸ்தூபியைச் சுற்றி ஐந்து பொன் வளையம். எல்லாம் என் டார்ச். நான் எங்கேயும் தெரியவில்லை. நுர்பூவே படத்தை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தானாம். பத்துப் பேரும் நம் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். தலைவர் படத்தை அவர்களுக்கு அனுப்பிவிட்டார், அதே மாதிரிப் படம் ஆளுக்கு ஒன்று வேண்டும் என்கிறார்களாம். "சுத்துறதுக்கு எங்க வீட்லயே ஆள் இருக்கார்"னு உன் அக்கா வாக்குக் கொடுத்துட்டா. முழங்கால் தைலம் நாலு புட்டி அனுப்பவும்.