சாரங்கு வரைந்த பாய்மரம்

கண்ணில் பட்ட குறையைச் சொல்லாமல் விடத் தெரியாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நல்லவர்கள், பொய் சொல்லமாட்டார்கள், ஆகவே பெண் பார்க்கப் போகிறவர்கள் இவர்களைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. இந்த இனத்தில் அசல் சரக்கைப் பார்க்க நீங்கள் 1934-இல் குளச்சலுக்கு வந்திருக்க வேண்டும்.

மைதீன் பிச்சை முப்பத்திரண்டு வருஷம் நீராவிக் கப்பலில் ஓடி, மாலுமிகளை மேய்க்கும் சாரங்காக ஓய்வுபெற்று, ஊர் திரும்பியதும் மற்றவர்களைப்போலத் தேங்காய் வியாபாரத்தில் இறங்காமல், பழைய பாய்த்துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, அதில் கடலையும் கப்பலையும் வரைய ஆரம்பித்தார். நன்றாகவே வரைந்தார். வினையே அதுதான்.

அபுதாஹிர் முதலாளிக்குச் சொந்தமாக ஒரு தோணி உண்டு. கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும். மகனுக்குச் சம்பந்தம் பேச வெள்ளிக்கிழமை கோட்டாறுக்காரர்கள் வருகிறார்கள். முன்னறையில் தோணியின் படம் தொங்கினால் எடுப்பாக இருக்குமே என்று மைதீன் பிச்சையிடம் சொன்னார். அவர் நாலு நாள் கடற்கரையில் குந்தியிருந்து பார்த்து வரைந்தார்.

படத்தை வாங்கவந்த முதலாளிக்கு முகம் கறுத்தது. கடல் தத்ரூபம். தோணியும் தத்ரூபம். பாயில் ஒட்டு, அடியில் பாசி, பெரிய பாய்மரத்தின் காலில் ஒரு சாண் வெடிப்பு!

“என்ன காக்கா இது? மாப்பிள்ளை வீட்டுத் தோணியை வரையச் சொன்னா, தர்மாஸ்பத்திரி நோயாளியைல்லா வரைஞ்சு வச்சிருக்கிய?”

“உள்ளதைத்தானே வரைஞ்சேன்.”

“அந்த வெடிப்பை மட்டும் அழிச்சிருங்கோ.”

“படத்துல அழிக்கலாம். மரத்துல யாரு அழிப்பா?”

உள்ளேயிருந்து சாரங்கின் மனைவி மைமூன் பீவி கெஞ்சினாள்: “ஒரு இழுப்பு இழுத்து விடுங்களேன். அவங்களும் சந்தோஷமாப் போவாங்க.”

மைதீன் பிச்சை தூரிகையை எடுத்தார். முதலாளி மூச்சுவிட்டார். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? வெடிப்பை இன்னும் இரண்டு விரல் நீட்டினார்! “காலையில போய்ப் பார்த்தேன். வளர்ந்திருக்கு.”

முதலாளி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். படம் சுமக்க வந்திருந்த தண்டல் பீர்க்கண்ணு போகவில்லை. திங்கட்கிழமை அந்தத் தோணியை ஆறு ஆட்களோடு ஓட்டிப்போக வேண்டியவன் அவன். படத்தின்முன் வெகுநேரம் நின்றான். பிறகு நேரே கடற்கரைக்குப் போய்ப் பாய்மரத்தைத் தட்டிப் பார்த்தான். பொக்கென்று கேட்டது. “மரத்தை மாத்தாம நாங்க ஏறமாட்டோம் மொதலாளி” என்றுவிட்டான்.

மரத்தை இறக்கி மணலில் போட்டார்கள். போட்ட வேகத்தில் இரண்டாக முறிந்தது. உள்ளே முழுக்க உளுப்பு. அபுதாஹிர் அந்த உளுப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். பீர்க்கண்ணுவின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

நன்றி சொன்னாரா என்கிறீர்களா? நல்ல கதை! இரண்டு மாசம் பேசவேயில்லை. பிறகு ஒருநாள் தாமாகவே வந்து உட்கார்ந்தார்.

“புது மரம் போட்டாச்சு காக்கா. இப்ப வரையலாம்லா?”

“பேஷா வரையலாம். சுக்கான்தான் கொஞ்சம் கோணலாட்டு…”

முதலாளி எழுந்துவிட்டார். “வரையாதிய! சரியாக்கிட்டு வாறேன்.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, ‘ஒரு சாண் வெடிப்பு உள்ள மரத்தைத் தட்டினால் பொக்கென்றா கேட்கும்?’ என்று எனக்குக் கடிதம் எழுதப் பேனாவைத் தேடினீர்கள் அல்லவா? தேடுங்கள், தேடுங்கள். சட்டைப் பையிலேயே இருக்கிறது.