எதிர் நடைபாதையிலிருந்து தெரியாத அறை

"நீங்க வீட்டுக்குப் பின்னால கட்டப்போற அறையோட பிளானுக்கு ஒரு ஆட்சேபம் வந்திருக்கு," என்றாள் கவுன்சில் அதிகாரி ட்ரான், போனில்.

ரோவீனா அடுப்பை அணைத்தாள். "யாரு?"

"இப்ப பேர் சொல்லக் கூடாது. வியாழக்கிழமை நேர்ல வரேன். ஆட்சேபம் சொன்னவங்களும் வருவாங்க. அங்கேயே பேசித் தீர்த்துக்கலாம்."

மெல்பர்னின் அந்தத் தெருவில் எல்லாமே நூறு வயது தாண்டிய செங்கல் வீடுகள். ரோவீனாவின் வீடு அத்தை எழுதிவைத்தது. பழைய வீடுகளைக் காக்கும் கவுன்சில் விதிப்படி முன்பக்கம் ஓர் ஆணியைக்கூட மாற்றக் கூடாது. பின்னால் கட்டும் அறை பழசைப் போல வேஷம் போடாமல் புதிதாகவே இருக்க வேண்டும். ஆனால் எதிர் நடைபாதையில் நிற்பவர் கண்ணில் படவே கூடாது. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் நுழைந்து கட்டடக்கலைஞர் டாம்சின் அழகாக வரைந்து கொடுத்திருந்தாள். உயர்ந்த கூரை, தோட்டத்தைப் பார்த்த கண்ணாடிச் சுவர், ஒரே ஒரு கதவு.

அந்தக் கதவுக்காகத்தான் ரோவீனா அறையே கேட்டாள். கணவர் டெஸ்மண்ட் காலமெல்லாம் தனியாக உட்கார்ந்து ரயில் ஓட்டியவர். அங்கே சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் இறக்கிக்கொண்டிருந்தார். "ரோ, கத்தரிக்கோல் எங்க?" "ரோ, என்ன யோசிக்கற?" என்ன யோசிக்கிறோம் என்று அவளுக்கே தெரிவதற்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இருக்கிற கதவுகளில் ஒன்றை அறைந்து சாத்தியிருப்பாள்.

"யாரா இருக்கும் டெஸ்?"

டெஸ்மண்ட் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பக்கத்து வீட்டு கூலாவோ என்னவோ. அவ தக்காளிக்கு வெயில் போயிடும்ல?"

ரோவீனா அன்றே டாம்சினை அழைத்துக் கூரையைத் தாழ்த்தச் சொன்னாள். கையோடு கூலாவிடமும் போய்ச் சொன்னாள்.

"ஆட்சேபமா? நானா?" கூலா சிரித்தாள். "எனக்கு எதுக்குக் கண்ணு அதெல்லாம்? ஆனா நீயே வெயில் தரேன்னா, வேணாம்னா சொல்லப் போறேன்?" ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்து அனுப்பினாள்.

கூரை இறங்கியதும் கண்ணாடிச் சுவர் பாதியாகிவிட்டது.

"அப்ப எதிர் வீட்டு லெய்ட்லாதான்," என்றார் டெஸ்மண்ட். "நாயைப் பிடிச்சுக்கிட்டு தினம் நம்ம வீட்டையே முறைக்கிறான் பாரு."

எதிர் வீட்டுக்குத் தெரியாதபடி அறையைச் சமையலறைச் சுவருக்குப் பின்னால் ஒட்டி வைக்கச் சொன்னாள் ரோவீனா. பாதிக் கண்ணாடியும் போயிற்று.

"நான் முறைக்கலைம்மா," என்றார் லெய்ட்லா, அவள் போய்க் கேட்டபோது, வருத்தத்துடன். "உங்க வேலியை விட்டு நாய் நகர மாட்டேங்குது. அது முடிக்கட்டும்னு நிக்கறேன்."

திருத்திய படத்தை விரித்தபோது டாம்சினின் முகம் இறுகியிருந்தது. "இப்ப இது அறை இல்லை ரோவீனா, அலமாரி. வெளிச்சம் வேணும்னா சமையலறைச் சுவர்லதான் ஓட்டை போடணும்."

"ஒரு சின்ன ஜன்னலா வச்சிடேன்!" டெஸ்மண்ட் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நான் அது வழியா டீ நீட்டிடுவேன். ரோ எழுந்து வரவே வேணாம்."

டாம்சினின் பென்சில் அந்தரத்தில் நின்றது. அவள் ரோவீனாவைப் பார்த்தாள். வேண்டாம் என்ற சொல் ரோவீனாவின் தொண்டைவரை வந்தது. டெஸ்மண்டின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்துப் பல மாதங்களாகியிருந்தன. முகம் தெரியாத யாரோ ஒருவருக்குப் பயந்து இவ்வளவு விட்டுக்கொடுத்தாயிற்று, இவருக்கு ஒரு ஜன்னல்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

"வச்சிடு," என்றாள்.

வியாழக்கிழமை காலை எல்லோரும் எதிர் நடைபாதையில் நின்றார்கள். கூலா வேடிக்கை பார்க்க நாற்காலியே கொண்டுவந்துவிட்டாள். லெய்ட்லாவின் நாய் வேலியை நோக்கி இழுத்தது. டெஸ்மண்ட் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார். ட்ரான் திருத்திய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், நுனிக்காலில் நின்றும் பார்த்தாள்.

"இந்தப் படத்துல இருக்கற மாதிரி கட்டினா இங்கேருந்து ஒண்ணுமே தெரியாது. ரொம்பப் பிரமாதம்."

ரோவீனா தெருவின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கார் வரும்போதும், இதிலிருந்துதான் அந்த ஆள் இறங்கப்போகிறான் என்று தோன்றியது. அவனிடம் சொல்ல நல்ல வார்த்தைகளாகத் தேர்ந்து வைத்திருந்தாள். அவன் கேட்டால், இருக்கிற கதவையும் கொடுத்துவிடுவாள் போலிருந்தது.

"ஆட்சேபம் சொன்னவங்க இன்னும் வரலையே?" என்றாள்.

ட்ரான் குழப்பத்துடன் அவளைப் பார்த்தாள். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னாள்.

"வந்து நிக்கறாரே! என்ன டெஸ்மண்ட் சார், அதான் நீங்க கேட்ட ஜன்னலைப் படத்துல வச்சிட்டாங்களே, ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கறீங்களா?"