என்ஜின் இல்லாத பஸ்ஸைத் தவறவிட்டவள்

வாழ்க்கையில் ஒருமுறையாவது பஸ்ஸைத் தவறவிடாத மனிதர் இருக்க முடியாது. ஆனால் என்ஜினே இல்லாத பஸ்ஸை, அதுவும் தன் பொறுப்பில் இருந்த பஸ்ஸைத் தவறவிட்டவர் கொச்சியின் மட்டாஞ்சேரியில் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். இந்தக் கட்டுரையை எழுதுவதும் அவள்தான்.

அப்போது பழைய வண்டிகளைக் காட்சிக்கு வைக்கும் ஒரு சின்ன மியூசியத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். மட்டாஞ்சேரிக் கிடங்கில் புதுப்பித்து வைத்திருந்த மரக்கூடு பஸ் ஒன்றை, போர்ட் கொச்சியில் அன்று மாலை திறக்கவிருந்த புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸுக்கு ஏதாவது ஆனால் வேலை நிரந்தரமாகாது என்று இயக்குநர் சார் சொல்லியிருந்தார். நிரந்தரமாகாவிட்டால் காக்கநாட்டில் ஏதாவது கம்பெனியில் சேர வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். (அம்மாவுக்குக் கம்பெனி என்றால் ஏசி, மியூசியம் என்றால் பழைய இரும்புக் கடை.) எனக்கோ அந்த இரும்புக் கடையை விட்டுப் போக மனமே இல்லை.

பஸ்ஸை லாரியோடு இரும்புத் தண்டால் பூட்டி இழுப்பதாக ஏற்பாடு. லாரியில் டிரைவர் ஷாஜி சேட்டன். பஸ்ஸில் ஸ்டியரிங்கைப் பிடிக்க மெக்கானிக் பாபு அண்ணன். பின்வாசலில் நான். இங்கேதான் என் மூளை வேலை செய்தது. கேரள பஸ்ஸில் விசில் கிடையாது. கூரையோரம் ஓடும் மணிக்கயிறுதான். ஒருமுறை இழுத்தால் வண்டி நிற்கும், இருமுறை இழுத்தால் புறப்படும். நான் அந்த மணியைக் கழற்றி லாரிக்குள் மாட்டி, கயிற்றை அதுவரை நீட்டிவிட்டேன்.

“ஒரு பெல்லுன்னா நிறுத்தணும், டபுள் பெல்லுன்னா விடணும். வேற ஒண்ணும் நோக்க வேண்டாம் சேட்டா” என்றேன்.

ஷாஜி சேட்டன் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். அதுதான் பின்னால் வினையாயிற்று.

போட்டோவுக்கு அழகாக இருக்கட்டும் என்று முன்னால் ‘போர்ட் கொச்சி’ என்ற பழைய பலகையையும் மாட்டினேன். (யாரும் மாட்டச் சொல்லவில்லை.)

சந்தைப் பக்கம் நெரிசலில் லாரி நின்றது. நின்ற இடம் பஸ் ஸ்டாப். மத்தி மீன் கூடையோடு ஒரு சேச்சி ஏறினாள்.

“சேச்சி, இது பஸ் இல்ல.”

அவள் கூரையிலிருந்து தரைவரை பார்த்தாள். “பின்னே என்ன?”

“மியூசியத்து வண்டி. ஆள் ஏத்த மாட்டோம்.”

“எங்க போகுது?”

“போர்ட் கொச்சிக்கு.”

“நானும் அங்கதான்.”

அதற்குள் பஸ் பாதி நிறைந்துவிட்டது. மாதக்கணக்கில் நான் மெல்லிய துணியால் மட்டுமே துடைத்து வந்த தோல் சீட்டில் மீன் கூடை உட்கார்ந்தது. கடைசியாக ஏறியது, திறப்பு விழாவுக்கு அலங்காரமாகக் கிளம்பி வந்த என் அம்மா.

“என்னடி, கண்டக்டர் வேலையா? இதுக்காடி எம்.ஏ. படிச்சே?”

கெஞ்சினேன். யாரும் அசையவில்லை. முன்னுதாரணமாக நானே இறங்கிக் காட்டினால் மற்றவர்களும் இறங்குவார்கள் என்று தோன்றியது. இறங்கினேன். ரோட்டில் நின்று கைகூப்பி, “தயவு செஞ்சு எல்லாரும் இறங்குங்க” என்றேன். எல்லாரும் அனுதாபத்தோடு பார்த்தார்கள். முன்னால் நெரிசல் கலைந்திருந்தது. பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. அம்மா எழுந்து கயிற்றை இருமுறை இழுத்தாள்.

ஷாஜி சேட்டன் சொன்னபடி செய்தார்.

விழாவுக்கென்று கசவுச் சேலை கட்டியிருந்தேன். அதில் ஓட முடியாது என்பதை மட்டாஞ்சேரி ஜனங்களுக்கு ஓடிக் காட்டினேன். “ஓடி வா மோளே!” என்று ஜன்னல் வழியே மீன் சேச்சி உற்சாகப்படுத்தினாள். பாபு அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையெடுக்க முடியாது; கயிற்றை ஒருமுறை இழுக்கலாம் என்று மற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் ஓர் ஆட்டோவை நிறுத்தினேன்.

“அந்த பஸ் பின்னால போங்க சேட்டா.”

“அது போர்ட் கொச்சி பஸ்ஸல்லே? அதுலயே போயிருக்கலாமே.”

வேலை போயிற்று, காக்கநாடுதான் என்று முடிவே செய்துவிட்டேன். போய்ச் சேர்ந்தபோது மியூசியம் வாசலில் கைதட்டல் கேட்டது. பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக இறங்க, விருந்தினர்கள் மகிழ்ந்துபோய் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். “பயணிகளோடவே கொண்டு வந்தீங்களே, என்ன ஒரு யோசனை!” என்று சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார் ஒருவர். சார் அந்தப் பாராட்டை மறுக்கவில்லை.

பிறகு ஆட்டோவிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்தார். சீட்டில் இருந்த மீன் தண்ணீர்க் கறையைப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அடுத்த தடவை வண்டி மாத்தும்போது, நீயும் அதுல கேறி வரணும். கேட்டியா?” என்றார் மெதுவாக.

அடுத்த தடவையும் நான் இருப்பேன் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

கறை இன்னும் போகவில்லை. அம்மாவும் மாறவில்லை. “ஏறாதவங்களுக்காக வண்டி நிக்குமா?” என்பதுதான் இன்றைக்கும் அவள் வாதம். என் கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் போகும் வேனில் எல்லாரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா வேனின் பக்கவாட்டில் இருமுறை தட்டினாள். (கை தவறிப் பட்டதாம்.)

முகூர்த்தத்துக்கு ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன்.