இலக்கத்தில் தொடங்காத வசனம்

உலகத்தில் இங்கிலீசு எழுதத் தெரிந்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். ஆனால் ஓர் இங்கிலீசு வசனத்தை முறையாகத் தொடங்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் இலங்கை மலையகத்தில், எங்கள் பெரகல சந்தியில் இருக்கிறார். நாங்கள் அவரைக் கெப்பிட்டல் ஐயா என்போம்.

தேயிலைத் தோட்ட ஒப்பீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வேலை பார்த்த போட்டோகொப்பிக் கடையின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தோட்டத்துச் சனங்களுக்கு இங்கிலீசுக் கடிதம் எழுதிக் கொடுப்பார். அவர் சொல்லச் சொல்ல நான் கம்பியூட்டரில் தட்ட வேண்டும். நாலு வருஷம் தட்டினேன். பைத்தியம் பிடிக்கவில்லை என்பதே பெரிய விஷயம்.

முற்றுப்புள்ளி வைத்ததும் ஒரு மூச்சு விட வேண்டும். அடுத்த வசனம் பெரிய எழுத்தில், அதாவது கெப்பிட்டலில், தொடங்க வேண்டும். தப்பித்தவறி 'அண்ட்', 'பட்' என்று தொடங்கிவிட்டால் எழுந்து வெளியே போய், ஒரு பிளேன்டீ குடித்து மனசை ஆற்றிக்கொண்டுதான் திரும்புவார். முதல் எழுத்தைக் கம்பியூட்டரே பெரிதாக்கியது அவருக்குப் பொறுக்கவில்லை.

"நான் சொல்லாம இவன் யாருடா பெரிய எழுத்து போட?"

"ஐயா, அது மிஷினுங்க. தானா போடுதுங்க."

"தானா போட்டா அதுல என்னா மரியாத இருக்கு? நிப்பாட்டு!"

நிப்பாட்டினேன்.

ஒருமுறை ஹப்புத்தளையிலிருந்து வந்த பஸ்ஸில் ஓர் இங்கிலீசு அறிவித்தல் சின்ன எழுத்தில் தொடங்கியிருந்ததாம். பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பித்தவர், கடைசி வரி முடியும்வரை இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். சந்தியைத் தாண்டி வெகுதூரம் போய், மலையேறி நடந்தே வந்து சேர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

எங்கள் பக்கத்துக் கடிதங்கள் எல்லாம் 'தாழ்மையுடன் கெஞ்சிக் கேட்கிறேன்' என்று தொடங்குவதுதான் வழக்கம். ஐயா அதை எழுத மாட்டார். "கெஞ்சணும்னா நேர்ல போய்க் கெஞ்சு. அதுக்கு எதுக்குக் கடிதாசி?" என்பார்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு நாள் ஓர் அம்மா வந்தார். கீழ் லயத்து வரிசை வீடுகளில், கடைசி ஒற்றைக் காம்பராவில் தனியாக இருப்பவர். காம்பராவுக்குப் பின்னால் மண்மேடு வெடித்துக் கிடந்தது. மழைக்கு முன்னே வேறு வீடு கிடைக்காவிட்டால் மண்ணோடு போக வேண்டியதுதான். வீடு ஒதுக்கும் பதுளை ஒப்பீசுக்கு யாரோ எழுதிக் கொடுத்த இரண்டு கடிதமும், 'இந்த இலக்கத்தில் எவரும் பதிவில் இல்லை' என்று திரும்பி வந்திருந்தன.

"பேரு?" என்றார் ஐயா.

"முன்னூத்தி ரெண்டுங்க."

"பேரக் கேட்டேன்."

"முன்னூத்தி ரெண்டு ஊட்டுக்காரிங்க. அப்புடித்தாங்க எல்லாரும் கூப்புடுவாங்க."

அது அவர் புருஷனுக்குத் தோட்டத்தில் கொடுத்திருந்த வேலை இலக்கம். அந்த மனிதர் செத்து, இலக்கத்தையும் பதிவிலிருந்து வெட்டி வெகு நாளாகிவிட்டது. இந்த அம்மா பிழைப்பது வெளியே மரக்கறித் தோட்ட வேலையில். ஆனாலும் இலக்கத்தை விட மனசில்லை.

"இலக்கம் போடாட்டி நான் யாருன்னு தெரியாதுங்களே, ஐயா."

"இலக்கத்துல வசனம் தொடங்கக் கூடாது. அது இங்கிலீசு சட்டம்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இலக்கத்த எழுத்தால எழுதுனா தொடங்கலாம்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?"

முறைத்தார் பாருங்கள். "நீ பேசாம தட்டு!"

அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பார்வதிங்க."

"பெரிய எழுத்துல போடுடா," என்றார் ஐயா.

மொத்தம் மூன்றே வசனம். மூன்றையும் பார்வதி என்றே தொடங்கினார். எங்கே இருக்கிறார், மண் எப்படி வெடித்திருக்கிறது, என்ன வேண்டும். அவ்வளவுதான். கெஞ்சல் எதுவும் இல்லை.

மூன்றாம் வாரம் பதுளை ஒப்பீசிலிருந்து ஓர் அதிகாரி நோனா ஜீப்பில் வந்து, "பார்வதி யாரு?" என்று கேட்டிருக்கிறார். லயமே முழித்தது. "அப்புடி யாரும் இல்லீங்களே" என்று ஒருவர் சொல்ல, ஜீப்பையும் திருப்பிவிட்டார்கள். கூட்டத்தில் நின்று தானும் யார் அந்தப் பார்வதி என்று தேடிக்கொண்டிருந்த நம் அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்ததாம். "நாந்தாங்க! நாந்தாங்க பார்வதி!" என்று கத்திக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் ஓடியிருக்கிறார்.

மழைக்கு முன்னே ஆபத்தில்லாத மேட்டுப் பக்கத்தில் வீடு கிடைத்தது. அந்த மழையிலேயே பழைய காம்பராவின் பின்சுவர் மண்ணோடு உள்ளே விழுந்தது.

அந்த அம்மா கடைக்கு வந்து நின்றார். வீட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. "அந்த நோனா என்னைய பார்வதின்னு கூப்புட்டுச்சுங்க, ஐயா," என்றார்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "கூப்புடத்தானே பேரு," என்றார்.

இந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டினேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எவ்வளவு பெருமை என்பது அவருக்குத் தெரியாது. இப்படி இன்னொருவர் வந்தால் பெரகல தாங்காது; இவரே நூறு வருஷம் இருக்கட்டும்.