தக்காளித் தொட்டியில் நாலாவது

தக்காளித் தொட்டியில் வளர்வது தக்காளி இல்லை என்று தெரிந்தபோது ஹோல்கர் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாயில் நுரையோடு பால்கனியில் நின்று எண்ணினான். மறுபடி எண்ணினான். அவனே நட்ட மூன்றோடு இதையும் சேர்த்தால் கஞ்சாச் செடி நாலு.

ஜெர்மனியில் வீட்டில் வளர்க்கலாம், ஆளுக்கு மூன்று. ஹோல்கர் தனி ஆள். போதாததற்கு லைப்சிக் டிராமில் டிக்கெட் பரிசோதகன். கல்யாண உடையில் ஏறிய மணப்பெண்ணுக்கே அபராதம் போட்டவன். மேல் மாடி லெம்கே அம்மாவும் ஒருமுறை அவனிடம் மாட்டியிருக்கிறார்.

"ஹோல்கர், சட்டம் எத்தனைன்னு சொல்லுது?" அந்த அம்மாள்தான், மேலே கம்பியில் சாய்ந்தபடி.

"மூணு."

"எனக்குக் கண்ணு சரியில்ல. நீங்களே எண்ணிச் சொல்லுங்களேன்."

பிடுங்கி எறிந்தால் முடிந்தது. ஆனால் தக்காளி என்று நம்பி அவன் தண்ணீர் ஊற்றிய அந்த ஒன்றுதான் நாலிலும் தளதளவென்று நின்றது. ஆசைப்பட்டு வாங்கி நட்ட மூன்றும் சோகை. கை வரவில்லை.

"குருவி விதையைப் போட்டிருக்கும்," என்றாள் மார்லீஸ். பல வருடக் காதலி. அவள் வீட்டில் அவள், இவன் வீட்டில் இவன். சேர்ந்து இருக்கலாமே என்று அவள் ஆரம்பித்தால், "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று முடித்துவிடுவான்.

செடியைத் துணி அலமாரிக்குள் வைத்து விளக்குப் போட்டான். செடி ஜோராகப் பூத்தது. சீருடையும் அதே அலமாரியில்தான் தொங்கியது.

டிராமில் ஒரு தாடிக்காரன் இவனை மோந்து பார்த்துச் சிரித்தான். "டிக்கெட் இல்லண்ணே. ஆனா நீங்க கோபப்படுற நிலைமையில இல்லபோல."

பெட்டியே சிரித்தது. பணிமனையில் மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை.

"உங்க மேல் வீட்டம்மா போன் பண்ணாங்க. மூணுன்னா அது உன் சொந்த விஷயம். நாலுன்னா சீருடையைக் கழட்டி வச்சிடு. திங்கக்கிழமை பதில் சொல்லு."

ஹோல்கர் மார்லீஸைக் கூப்பிட்டுக் கெஞ்சினான். "இதைக் கொண்டுபோய் உன் வீட்ல வச்சுக்கயேன்."

"அடுத்தவங்களுக்குக் கொடுக்கிறதே குத்தம். நீதான் பக்கம் பக்கமா படிச்சுக் காட்டின."

"வேற என்னதான் பண்றது?"

"ஒரு வீட்ல பெரியவங்க ரெண்டு பேர் இருந்தா ஆறு வரைக்கும் வச்சுக்கலாமாம்." அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். "எனக்கென்ன, உன் இஷ்டம்."

ஹோல்கர் தன் ஒற்றைச் சாய்வு நாற்காலியை நினைத்தான். யாரும் பேசாத ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தான். பிறகு சீருடை இல்லாத தன்னை நினைத்துப் பார்த்தான். அதைச் சகிக்க முடியவில்லை.

குடியிருப்புப் பதிவு அலுவலகத்தில் மார்லீஸ் புது முகவரியைச் சொன்னாள். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, திடீர்னு ஒரே வீட்டுக்கு?"

ஹோல்கருக்குப் பொய் வராது. "நாலாவது செடிக்கு ஒரு ஆள் வேணும். தானா முளைச்சிடுச்சு."

அவள் முத்திரையைக் குத்திவிட்டு மார்லீஸ் பக்கம் திரும்பினாள்.

"நீங்க விதையை எந்தத் தொட்டியில போட்டீங்க? நான் என் ஆளோட புதினாத் தொட்டியில போட்டேன்."