கேள்வி கேக்காம குடுக்கிற காசு

எங்க தோட்டத்துக்குப் பக்கத்து லுணுகலை டவுன்ல ஒரு கூட்டம். டீயும் வடையும் கிடைக்குமேன்னுதான் போனேன். ஆனா அங்க கேட்ட விசயத்துல, மாதா சத்தியமா, வடையையே மறந்துட்டேன்! இல்லாதவனுக்குக் காசு குடுக்க உலகத்துல ரெண்டு முறை இருக்காம். 'நீ ஏழைதானா'ன்னு தோண்டித் துருவி, குறையிறதை மட்டும் நிரப்புறது ஒண்ணு. யாரு எவருன்னு பாக்காம, எல்லார் கையிலயும் ஒரே தொகையைக் குடுக்கிறது இன்னொண்ணு.

ரெண்டாவதுதான் நம்ம கட்சின்னு அங்கேயே முடிவெடுத்துட்டேன். ஏன்னா, நான் மரக்கறித் தோட்டம் போட்டு, மழையில எல்லாம் அழுகிக் கவுந்தவன். நிவாரணத்துக்கு எழுதிப் போட்டா, விசாரிக்க வந்த ஆள் எங்க லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, எங்க ஒத்தைக் காம்பராவுல இருந்த ஓடாத டிவியைப் பாத்துட்டு, 'வசதியான குடும்பம்'னு எழுதிட்டுப் போயிட்டார். வயிறு எரியாதா?

தேயிலைக் கொழுந்து எடுத்துட்டு வந்து கால்கூட கழுவாத எம் பொஞ்சாதி ஜெசிந்தினிய உக்கார வச்சு, லயமே கேக்கிற மாதிரி விளக்குனேன்.

"அப்ப, எதுக்குன்னு கேள்வியே கேக்க மாட்டாங்களா?"

"கேக்கப்படாது! கேட்டா மனுசனுக்கு என்ன மரியாதை?"

"குடும்பத் தலைவர் கையில இல்லாம, அவங்கவங்க கையிலயேவா குடுப்பாங்க?"

"அதானே புள்ள முக்கியம்! இடையில ஒருத்தன் வாங்குனா அங்கதான் ஓட்டை."

"அடேயப்பா, என்னமா யோசிச்சிருக்காங்க!" அவ கன்னத்துல கை வச்சுக்கிட்டா. எனக்கு ஒரே பெருமை.

இங்க ஒரு விசயம் சொல்லணும். எங்க தோட்டத்துல பொம்பளைங்க சம்பளத்தைப் புருசன்தான் கையெழுத்துப் போட்டு வாங்குறது. பாட்டன் காலத்துப் பழக்கம். பதினாறு வருசமா ஜெசி சம்பளத்தை நான்தான் வாங்கி, 'எதுக்கு, ஏன்'னு விசாரிச்சு, அவ கேட்டதுல பாதியைக் குடுப்பேன்.

சம்பள நாள்ல போனா, ஆபிஸ் கிளாக்கர் சிரிக்கிறார்.

"உங்க வீட்டம்மா காலையிலேயே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களே!"

வீட்டுக்கு ஓடுனேன். "என்ன புள்ள இது?"

"நீங்க சொன்னதுதாங்க. இடையில ஒருத்தர் வாங்கப்படாதே."

மானத்தை விட்டுட்டு, "வெத்தல பாக்குக்கு ஒரு இருநூறு குடேன்"னு கேட்டேன்.

"எதுக்கு வெத்தல?"

"கேள்வி கேக்கப்படாதுன்னு சொன்னேனே!"

"அது எல்லாருக்கும் குடுக்கிற முறைங்க. எஞ் சம்பளம் அதுக்குக் காணாது. நம்ம வீட்டுல மத்த முறைதான், விசாரிச்சுக் குடுக்கிறது. நீங்க ஏழைதான்னு பெரியாயி அக்காகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

பெரியாயி எங்க லயத்து மாதர் சங்கத் தலைவி. தலையைக் குனிஞ்சுக்கிட்டு அந்த வீட்டுக்குப் போனா, எனக்கு முன்னால மூணு புருசன்மார் வரிசையில நிக்கிறாங்க.